வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வருடம்

சுயேச்சையாக நின்று தோற்றவரிடம் "ஏன் தோற்றீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. "ஏன் நின்றீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள், வரக்கூடாத வயதில் அம்மை வந்தவரை விசாரிக்கும் குரலில். 2022 பிப்ரவரியில் நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தலில் கவுன்சிலர் பதவிக்கு நின்றேன். டெபாசிட் போயிற்று. வருத்தம் கொஞ்ச நாள் இருந்தது, பிறகு வீட்டு வேலைகளில் கரைந்தது. கரையாமல் நிற்பது வேறொரு விஷயம்: ஒரு கவுன்சிலர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர், எப்போது, எந்த இடத்தில்? நிற்பதற்கு முன்னால் இது எனக்குள் எழவே இல்லை. எழுந்த பிறகு அடங்கவும் இல்லை. வார்டு எண்ணையும் சின்னத்தையும் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் இரண்டு நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும்.

எங்கள் பகுதி சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. 2011இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் நகரத்துக்குள் இழுக்கப்பட்டன. ஒன்பது நகராட்சிகள், எட்டு பேரூராட்சிகள், மற்றவை கிராம ஊராட்சிகள். எங்களுடையது அந்தக் கிராம ஊராட்சிகளில் ஒன்று. நான் அங்கே குடிவந்தது இணைப்புக்குப் பிறகு, அடுக்குமாடிகள் எழும்பிய காலத்தில். ஆகவே எனக்கு அது எப்போதும் சென்னைதான். ஏரிக்கரையை ஒட்டிய பழைய தெருக்களில் இருப்பவர்களுக்கு மட்டும் அது இன்னமும் ஊர். "ஊருக்குள் போய்விட்டு வருகிறேன்" என்று அவர்கள் சொல்வது எங்கள் வளாகத்தின் பின்மதிலுக்கு அந்தப் பக்கத்தை.

நான் நின்ற கதையில் வீரம் ஏதும் கிடையாது. 2021 நவம்பர் மழையில் தெருவில் தேங்கிய தண்ணீர் வடியாமல் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் கொதித்துக் கிடந்தது. நகரத்தில் அப்போது ஐந்து வருடத்துக்கு மேலாகக் கவுன்சிலரே இல்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது, அந்த மாதமே கவுன்சிலர்கள் கூடும் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தது, அதிலிருந்து தனி அலுவலர்கள்தான். தேர்தல் வரப்போகிறது என்றதும் சங்கச் செயலாளர் தானே நிற்பதாக முடிவு செய்து, கையெழுத்தெல்லாம் வாங்கி, துண்டறிக்கைக்கு வாசகமும் எழுதி வைத்திருந்தார். இட ஒதுக்கீட்டுப் பட்டியலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று வந்துவிட்டது. உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாதிக்குள் தம் வார்டு விழும் என்று மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை. முதலில் தம் மனைவியைக் கேட்டார். அந்த அம்மையார் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார் (அவர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றும் குறையவில்லை). பிறகுதான் என்னிடம் வந்தார்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பை நான்தான் எழுதுவேன், கையெழுத்து நன்றாக இருக்கும், தொலைபேசித் துறையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். இவைதாம் என் தகுதிகள்.

துண்டறிக்கையில் என் பெயர் மட்டும் இருக்க வேண்டும், இன்னாரின் ஆதரவு பெற்ற வேட்பாளர் என்று போடக்கூடாது என்பதை மட்டும் நிபந்தனையாகச் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். செயலாளருக்குக் கொஞ்சம் வலித்திருக்கும்.

மனு போடுவது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. நாலாயிரம் ரூபாய் வைப்புத்தொகை, மாநகராட்சிக்கு வரிபாக்கி இல்லை என்பதற்குச் சான்று, சொத்து விவரமும் வழக்கு விவரமும் சொல்லும் உறுதிமொழி ஆவணம், அதே வார்டில் வாக்குள்ள ஒரு முன்மொழிபவர். வாக்காளர் பட்டியலில் முன்மொழிபவரின் பாகம் எண், வரிசை எண் ஆகியவற்றில் ஓர் இலக்கம் பிசகினால் பரிசீலனையில் மனு போய்விடும் என்று பலரும் மிரட்டியிருந்ததால் அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். சின்னம் குலுக்கலில் வந்தது. நான் கேட்டது கிடைக்கவில்லை.

கொரோனாவின் மூன்றாம் அலை அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்ததால் ஊர்வலத்துக்குத் தடை. வீடு வீடாகப் போவதுதான் பிரசாரம். காசில்லாத வேட்பாளருக்கு இதைவிட நல்ல காலம் வராது என்று நினைத்தேன். நடக்கத் தெரிந்தால் போதுமே.

புகார் எண் என்னும் மருந்து

என் பழைய வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது ஏன் என்னை அவ்வளவு உலுக்கியது என்பது புரியாது. பல வருடம் நான் தொலைபேசிப் பழுதுப் பிரிவில் இருந்தவள். 198க்கு அழைத்தால் எடுக்கும் குரல்களில் ஒன்று என்னுடையது. அங்கே முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம், புகார் எண் கொடுத்துவிட்டால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள் என்பது. பழுது அப்படியேதான் இருக்கும், ஆனால் கையில் ஓர் எண் வந்ததும் மனம் ஆறிவிடும். ஒரே கம்பத்தில் கேபிள் அறுந்து தெருவே ஊமையாகியிருக்கும். அறுபது வீட்டுக்காரர்களும் தனித்தனியாக அழைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் எண். பக்கத்து வீட்டுக்காரரும் அழைத்திருக்கிறார் என்பது ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும், சொல்லமாட்டோம். சொல்ல வேண்டும் என்று விதியில்லை.

மாநகராட்சிக்கும் ஓர் எண் உண்டு, 1913. மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டதும் 1913இல்தான். குடிநீர் வாரியத்துக்கு 1916. கவுன்சிலர்கள் இல்லாத அந்த ஐந்து வருடத்தில் எங்கள் பகுதி இந்த எண்களை வைத்துத்தான் வாழக் கற்றது. படித்தவர்கள் செயலியில் படம் எடுத்துப் போட்டார்கள். ஊருக்குள் இருந்தவர்கள் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தார்கள். கவுன்சிலர் இல்லாவிட்டால் என்ன, எல்லாம் நடக்கத்தானே செய்கிறது என்று எங்கள் சங்கத்திலேயே சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இந்த நகரத்துக்கு அது பழகிய பேச்சும்கூட. 1688இல் தொடங்கிய மாநகராட்சி என்று பெருமை பேசுகிறோம். 1973இல் மாமன்றத்தைக் கலைத்தார்கள், 1996 வரைக்கும் தேர்தலே இல்லை. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து வாக்குரிமையும் பெற்றுவிட்டது, கவுன்சிலர் என்ற ஒருவரைப் பார்க்காமலே.

இந்தப் பின்னணியோடு வீடு வீடாகப் போனேன். முதல் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றே: "எந்தக் கட்சி?" சுயேச்சை என்றதும் முகத்தில் ஓர் இரக்கம் வரும். தண்ணீர் கொடுப்பார்கள், உட்காரச் சொல்வார்கள், ஓட்டு மட்டும் கிடையாது. இதில் எனக்குக் கோபம் இல்லை. ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, பின்னால் ஒரு படை இருப்பவரிடம் கொடுத்தால் காரியம் நடக்கும் என்று நினைப்பதை மடமை என்று சொல்ல முடியாது. சென்னையின் 200 வார்டுகளில் அந்தத் தேர்தலில் சுயேச்சைகள் ஐந்து பேர்தான் வென்றார்கள். கணக்குத் தெரிந்த வாக்காளர் என்ன செய்வாரோ அதைத்தான் எங்கள் வாக்காளரும் செய்தார். கடைசி இரண்டு இரவுகளில் தெருக்களில் நடந்த கவர் போக்குவரத்தைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு தனிப் பதிவாகும். ஆனால் அது இல்லாவிட்டால் நான் வென்றிருப்பேன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

இரண்டாவது கேள்வி சாக்கடை. எங்கள் பகுதியில் பாதாள சாக்கடை எல்லாத் தெருவுக்கும் வரவில்லை. வராத இடத்தில் கழிவுநீர் லாரி. லாரிக்குக் காசில்லாதவர்கள் இரவோடு இரவாக மழைநீர் வடிகாலில் குழாயைச் சொருகிவிடுவார்கள். மழை பெய்தால் வடிகாலில் வருவது மழைநீர் அல்ல. மாநகராட்சியிடம் போனால், கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு என்பார்கள். வாரியத்திடம் போனால், வடிகால் மாநகராட்சியுடையது என்பார்கள். இரண்டும் உண்மை. சென்னைக் குடிநீர் வாரியம் 1978இல் தனிச் சட்டத்தால் வந்தது, மாநில அரசின்கீழ் இருக்கிறது, மாமன்றம் அதற்கு உத்தரவு போட முடியாது. நான் இதையெல்லாம் படித்துத் தயாராகப் போயிருந்தேன். மற்ற வேட்பாளர்கள் "செய்துவிடலாம் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போன வாசலில் நின்றுகொண்டு, எது கவுன்சிலர் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பிரித்துச் சொல்வேன். தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை, பூங்கா, வடிகால்: இவை நம்முடையவை. குடிநீர், கழிவுநீர், மின்சாரம், பஸ்: இவற்றுக்குக் கடிதம்தான் எழுதலாம். பொய் சொல்லாத வேட்பாளர் என்ற பெயர் எனக்குக் கிடைக்கும் என்று நம்பினேன். கிடைத்தது. பெயர் மட்டும்.

ஏரிக்கரைத் தெரு

அந்த அம்மாளுக்கு எழுபத்தைந்து வயதாவது இருக்கும். ஏரிக்கரைத் தெருவில் ஓட்டு வீடு, முன்னால் சிமெண்ட் திண்ணை. நான் என் பாடத்தை ஒப்பித்து முடிக்கும்வரை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை. முடித்ததும், "நானும் மெம்பராக இருந்தவள்தான்" என்றார்.

1996 அக்டோபரில், புதிய ஊராட்சிச் சட்டத்தின்படி நடந்த முதல் தேர்தலில், மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று வந்தபோது, அந்தத் தெருவின் வார்டு உறுப்பினராக அவர் ஆனார். அதே மாதத்தில்தான் சென்னை மாநகருக்கும் 23 வருடம் கழித்து மாமன்றம் கிடைத்தது. ஒரே மாதத்தில் நகரத்துக்கும் இந்தத் திண்ணைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. தலையில் ரத்தம் ஏறியதுபோல் இருந்தது. பல வருடமாகப் பின்மதிலுக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறேன், சங்கத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறேன், அந்தப் பக்கம் முன்னாள் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார் என்று தெரியாது.

அவர் சொன்னதை நான் பொற்காலக் கதையாக மாற்றிவிடக் கூடாது. அவரும் அப்படிச் சொல்லவில்லை. முதல் இரண்டு வருடம் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கணவர்தான் விரலால் காட்டினாராம். கிராமசபை என்றால் பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் பாய் விரிப்பார்கள். யார் பாயில், யார் மண்ணில், யார் சுவரோரம் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருந்தது. கூட்டம் சேராத நாளில் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியதும் உண்டு. "தலைவர் நல்லவர் ஒன்றும் இல்லை" என்றார், யாரோ தூரத்து உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல.

"ஆனால் வருடத்தில் நாலு நாள் அவர் அங்கே வந்து உட்கார்ந்தாக வேண்டும், அம்மா. குடியரசு நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. வராமல் இருக்க முடியாது. கிளார்க் கணக்கு வாசிப்பார். அடிபம்பு ரிப்பேருக்கு இவ்வளவு என்பார். எந்த அடிபம்பு, எங்கள் தெருவில் கைப்பிடியே இல்லையே என்று யாராவது கேட்பார்கள். நான்தான் ஒருமுறை கேட்டேன். என் கட்சிக்காரர்தான் அவர், ஆனாலும் கேட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்லாமல் எழுந்து போக முடியவில்லை அவரால்."

பிறகு கீரைக் காம்பை ஒதுக்கிவைத்துவிட்டு, அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். "நீ வாரியம் வேறு, கார்ப்பரேஷன் வேறு என்கிறாய். இருக்கட்டும். நீ ஜெயித்துவிட்டால், உன்னை நாங்கள் எங்கே உட்கார்ந்து கேட்பது?"

என் வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றேன். அலுவலகம் திறப்பேன், தொலைபேசி எண் துண்டறிக்கையில் இருக்கிறது என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பழக்கமானதாகக் கேட்டது. 198இல் பேசிய குரல் அது.

அவர் விடவில்லை. "உன் வீட்டுக்கு நான் வந்தால் நான் ஒருத்தி. என் குறையைக் கேட்பாய், காபி கொடுப்பாய். நாளைக்கு அவள் வந்தால் அவளுக்கும் காபி. நாங்கள் எல்லோரும் சேர்ந்து உன்னைக் கேட்க வேண்டுமென்றால்?"

என்னுடன் வந்திருந்த சங்கத்துப் பெண் மணியைப் பார்த்தாள். அடுத்த தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. போனோம்.

சட்டத்தில் இருக்கும் இடம், தெருவில் இல்லாத இடம்

தேர்தலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிப்ரவரி 19 அன்று சென்னையில் வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 43 சதவீதம். மாநில அளவில் அறுபதைத் தாண்டியிருந்தது. எங்கள் வளாகத்தில் எனக்காகக் கூட்டம் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தச் சனிக்கிழமை வரிசையில் நின்றார்கள் என்பதைக் கேட்டு நட்பைக் கெடுத்துக்கொள்ளவில்லை. 22ஆம் தேதி எண்ணிக்கை. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தொட்டால் டெபாசிட் தப்பும். அதன் பக்கத்தில்கூட நான் போகவில்லை. ஏரிக்கரைத் தெருவின் வாக்குச்சாவடியில் எனக்கு விழுந்தது ஒற்றை இலக்கம். அந்த அம்மாள் எனக்குப் போட்டிருக்க வழியில்லை. அவர் தம் கட்சிக்குத்தான் போட்டிருப்பார், சந்தேகமே வேண்டாம்.

கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கிராமசபையில் அந்த ஊரின் வாக்காளர் அனைவரும் உறுப்பினர். யாரும் யாரையும் அங்கே நியமிப்பதில்லை. பதினெட்டு வயது ஆனால் போதும். வரவு செலவை அங்கே வைத்தாக வேண்டும். 2011இல் எங்கள் ஊர் நகரமானபோது அதோடு வந்தவற்றை எல்லோரும் எண்ணிச் சொல்கிறார்கள்: நிலத்தின் விலை, சாலை, தெருவிளக்கு, சொத்துவரி. போனது என்ன என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் போனது கண்ணுக்குத் தெரியும் பொருள் அல்ல. ஒரு புங்கமரத்தடியில் வருடத்துக்கு நான்கு முறை கூடுவதற்கு இருந்த உரிமை ஓர் அரசாணையோடு முடிந்தது. அதற்காக ஒரு சுவரொட்டிகூட ஒட்டப்படவில்லை. இணைப்பு வேண்டும் வேண்டாம் என்று அந்தக் காலத்தில் நடந்த சண்டைகளெல்லாம் வரி கூடுமா, வேலை உறுதித் திட்டம் போய்விடுமா என்பதைப் பற்றியவை. அவையும் நியாயமான சண்டைகள்தான்.

நகரத்துக்கு ஏன் இது இல்லை என்று தேடிப் படித்தேன். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது. ஆனால் ஒரு வார்டுக்கு ஒரு குழு என்று கட்டாயம் இல்லை, பல வார்டுகளுக்குச் சேர்த்து ஒன்று இருந்தாலும் போதும். 2022இல் சென்னையில் பதினைந்து மண்டலக் குழுக்கள் இருந்தன. மண்டலக் குழுவில் உட்காருபவர்கள் கவுன்சிலர்கள், நாம் அல்ல. கிராமங்களுக்கான 73ஆவது திருத்தத்தை எழுதிய அதே கை, ஊர்க்காரர்கள் எல்லோரும் கூடும் சபையை அங்கே முதலிலேயே எழுதி வைத்தது. நகரத்துக்கு வந்தபோது அந்தப் பக்கத்தை விட்டுவிட்டது. நகரத்து மனிதனுக்குக் கூடிப் பேச நேரம் இருக்காது என்று நினைத்தார்களா, அல்லது லட்சக்கணக்கானவர்களை எந்த மரத்தடியில் உட்கார வைப்பது என்ற மலைப்பா, என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கென்னவோ, படித்தவர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் கேள்வி கேட்கும் இடம் குறைவாக இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை.

நான் தோற்ற அதே 2022இல் தமிழ்நாடு அரசு வார்டு குழுக்களுக்கும், வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நடத்தும் பகுதி சபைகளுக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சிகள் தினம் என்று மாநிலத்தின் பல இடங்களில் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. செய்தி படித்ததும் எனக்கு வந்த உற்சாகத்தை இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. எங்கள் பகுதியில் சபை கூடிய நாளில் ஏரிக்கரைத் தெருவுக்குப் போய் அந்த அம்மாளையும் அழைத்துக்கொண்டு போனேன். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் மேசை, மேசைக்குப் பின்னால் அதிகாரிகள். பகுதி சபையின் பிரதிநிதிகள் நியமிக்கப்பட்டவர்கள். அவர்களை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, பலரை அன்றுதான் பார்த்தோம். கூட்டம் தொடங்கியதும் ஒரு பெண் ஊழியர் வரிசையாக மனுக்களை வாங்கிக்கொண்டார். வாங்கி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் எழுதிக் கொடுத்தார்.

கணக்கு எப்போது வாசிப்பார்கள் என்று அம்மாள் என் காதில் கேட்டார். வாசிக்கவில்லை.

இதைக் குறையாக மட்டும் எழுதினால் நியாயமில்லை. அந்த எண்களில் சில உண்மையாகவே வேலை செய்தன. மூன்று தெருவிளக்குகள் எரிந்தன. ஒரு வடிகாலின் மூடி மாற்றப்பட்டது. மனு வேறு, கணக்கு வேறு என்பதுதான் என் வாதம். மனு கொடுக்கிறவர் கீழே நிற்கிறார். கணக்குக் கேட்கிறவர் எதிரே உட்காருகிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் தன் கட்சிக்காரரான ஊராட்சித் தலைவரையே எதிரே உட்கார்ந்து கேட்ட இடத்தில், பட்டம் பெற்ற நான் இன்று வரிசையில் நின்று எண் வாங்குகிறேன்.

அப்புறம் நாங்களே ஒன்று செய்து பார்த்தோம். சட்டம் இடம் தராவிட்டால் போகட்டும், நாமே கூடுவோம் என்று பள்ளிக்கூடத்து மரத்தடியைக் கேட்டு வாங்கி, அந்தப் பழைய நான்கு நாட்களிலும் உட்காரத் தொடங்கினோம். மரம் இன்னும் இருக்கிறது, ஒரு பக்கக் கிளைகளை மின்கம்பிக்காக வெட்டியிருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். அடுத்ததற்குப் பாதி. பதில் சொல்ல வேண்டியவர் வராத கூட்டம் வெறும் புலம்பலாகிவிடுகிறது. புலம்புவதற்கு மரத்தடிவரை எதற்குப் போக வேண்டும்? நான் தலைமை தாங்குவதுபோல் உட்கார்ந்திருந்ததும் தவறான சைகையாகப் போயிற்று. அடுத்த தேர்தலுக்கு அடித்தளம் போடுகிறாள் என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சு நியாயமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் மனதில் என்ன இருந்தது என்று எனக்கே உறுதியில்லை.

ஒரு சுதந்திர தினத்தன்று மட்டும் யாரும் எதிர்பாராமல், வென்ற கவுன்சிலர் வந்தார். கொடியேற்றிவிட்டுப் போகிற வழியில் கூட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறார். கூட வந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. நாற்காலியை மறுத்துப் பாயில் உட்கார்ந்தார். என்னைத் தோற்கடித்தவர், என்னைவிட வயதில் மிகவும் சிறியவர். வார்டு மேம்பாட்டு நிதியில் என்னென்ன வேலை எடுத்திருக்கிறார் என்று கேட்டோம். மனப்பாடமாகச் சொன்னார். ஏரிக்கரைத் தெரு அந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று அம்மாள் கேட்டார். அந்தப் பெண் ஒரு கணம் தம்முடன் வந்தவர்களைப் பார்த்தார். பிறகு, எழுதிக் கொடுத்தபோது இருந்தது, மேலே போய் வந்தபோது இல்லை, ஏன் என்று தமக்கே சொல்லப்படவில்லை என்றார். அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் அங்கே வரவில்லை. யாரோ வரவேண்டாம் என்றிருக்கலாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் நல்லவராக இல்லாதபோதும் வந்து உட்கார்ந்தார். எங்கள் கவுன்சிலர் நல்லவராக இருந்தும் வர முடியவில்லை.

அதனால்தான் நல்லவர்கள் நிற்க வேண்டும், படித்தவர்கள் அரசியலுக்கு வரவேண்டும் என்று எங்கள் சங்கத்தில் யாராவது தொடங்கினால் எனக்குக் கொட்டாவி வருகிறது. பகுதி சபையில் அந்தப் பகுதியின் வாக்காளர் அத்தனை பேரும் எதிரே உட்கார்ந்து கேட்கட்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று குறைவெண் வைக்கட்டும். வார்டின் வரவு செலவை வாய்விட்டு வாசிக்கட்டும். வாரியத்தின் பொறியாளரும் மின்வாரியத்தின் பொறியாளரும் அதே மேசையில் இருக்கட்டும், யார் குழாய் என்று அவர்களுக்குள் தீர்த்துக்கொள்வார்கள். இவை வந்துவிட்டால் யார் ஜெயித்தாலும் எனக்குக் கவலை குறைவு. இவை இல்லாமல் நானே ஜெயித்தாலும், வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருப்பேன்.

இந்த மாமன்றத்தின் ஐந்து வருடம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. சங்கத்தில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. வார்டு இந்த முறை பொதுப் பட்டியலுக்கு மாறும் என்று செயலாளர் திடமாக நம்புகிறார். மாறினால் அவரே நிற்பார், பழைய துண்டறிக்கை வாசகத்தைக்கூடத் தூசி தட்டி எடுத்துவிட்டார். என் ஆதரவைக் கேட்டு வந்தார். ஜெயித்தால் வருடத்துக்கு நான்கு முறை எங்கே உட்கார்ந்து பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவர். "நம் சங்க அலுவலகத்தில்தான், ஏசிகூட இருக்கிறதே" என்றார். சங்க அலுவலகம் எங்கள் வளாகத்துக்குள் இருக்கிறது. ஏரிக்கரைத் தெருவிலிருந்து யார் வந்தாலும், எந்த வீட்டுக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் காவலாளி கேட்டைத் திறப்பார். அதைச் சொன்னேன். அதற்கென்ன, தேர்தல் முடிகிறவரை காவலாளியிடம் சொல்லி வைக்கலாம் என்கிறார்.